நெடி இல்லை, கண் எரிந்தது

வருஷா வருஷம் ஜூன் முதல் வாரத்தில் நான் கரும்பலகையில் ஒன்பது விதிகள் எழுதுவேன். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் பிள்ளைகள் அவற்றைத் தங்கள் ரிகார்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டு, கீழே அப்பாவிடமோ அம்மாவிடமோ கையெழுத்து வாங்கிவர வேண்டும். இருபத்தாறு வருஷமாக இதே வேலை. பலகை மாறிவிட்டது, தலைமையாசிரியர்கள் மாறிவிட்டார்கள், எனக்கு முட்டிவலி புதிதாக வந்து சேர்ந்திருக்கிறது. விதிகள் மட்டும் அப்படியே இருந்தன.

பெரிய விஷயம் எதுவும் இல்லை அதில். முடியைப் பின்னிக் கட்டு. துப்பட்டாவுக்கு ஊக்கு குத்து. எதையும் வாயில் வைத்துப் பார்க்காதே. கண்ணாடி உடைந்தால் ஒளிக்காமல் வந்து சொல். சோதனை செய்த மூன்றாம் நாள் ரிகார்டு என் மேஜைமேல் இருக்க வேண்டும். சோதனை நேரத்தில் ஜன்னலைத் திறந்து வை என்றும் ஒன்று உண்டு, அது எங்கள் பள்ளியில் ஒரு தமாஷ். எண்ணூர் பக்கம் ஜன்னலைத் திறந்தால் உள்ளே இருக்கும் புகை வெளியே போகாது, வெளியே இருப்பதுதான் உள்ளே வரும். கன்டெய்னர் லாரி எழுப்பும் தூசி, அனல் மின் நிலையத்துச் சாம்பல், காற்று திரும்பினால் என்னவென்று பெயர் சொல்லத் தெரியாத ஏதோ ஒன்று. இருந்தாலும் எழுதுவேன். மேலிடத்திலிருந்து யாராவது பார்வையிட வந்தால் கேட்பார்கள்.

என் சொந்த விதி முதல் விதிதான். "கண்டதை மட்டும் எழுது. காணாததை எழுதினால் ரிகார்டில் கையெழுத்து கிடையாது." ரிகார்டில் கையெழுத்து இல்லையென்றால் செய்முறைத் தேர்வில் உட்கார முடியாது. அதனால் அந்த ஒரு விதிக்கு மட்டும் பிள்ளைகள் கொஞ்சம் பயப்படுவார்கள். அதில் எனக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு, மறைப்பானேன்.

ஏன் அந்த விதி என்றால், உப்புப் பகுப்பாய்வு என்று ஒன்று இருக்கிறது. ஒரு சிட்டிகை உப்பைக் கொடுத்து, அது என்ன உப்பு என்று சோதனை செய்து கண்டுபிடிக்கச் சொல்வோம். பிள்ளைகள் 'சால்ட்' என்பார்கள். அந்தப் பாட்டில்களுக்கு எண் மட்டும்தான் போட்டிருக்கும், பெயர் இருக்காது. ஆனால் எந்த எண்ணில் எந்த உப்பு என்பது அக்காமார்களிடமிருந்து தங்கைகளுக்கு, அண்ணன்மார்களிடமிருந்து தம்பிகளுக்கு வழிவழியாக வந்துவிடும். பிறகென்ன? விடையை முதலில் எழுதிவிட்டு, நிறம், வாசனை, புகை எல்லாவற்றையும் கைடைப் பார்த்துக் கீழிருந்து மேலாக நிரப்பிவிடுவார்கள். அடுப்பையே பற்றவைக்காமல் சமைத்துப் பரிமாறுகிற கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே இதைப் பார்த்து எரிச்சலாகித்தான் அந்த விதியை எழுதினேன். எழுதிய பிறகும் நடந்தது, நான் கண்டுபிடித்தால்தான் குற்றம். இத்தனை வருஷத்தில் கண்டுபிடிக்கவும் அலுத்துப்போய்விட்டது. ராயபுரத்தில் காலை ஏழு மணிக்கு பஸ் ஏறி, லாரிகளுக்கு நடுவில் ஒன்றேகால் மணி நேரம் நசுங்கி வந்து, ஐந்து பீரியடு நின்று, லேப் அசிஸ்டென்ட் ஓய்வுபெற்றுப் போன இடத்துக்கு ஆளே வராததால் டெஸ்ட் டியூபையும் நானே கழுவி... சரி, அந்தப் புலம்பல் எதற்கு.

போன வருஷத்து வகுப்பில் காத்திவாக்கத்திலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். அவளுடைய அம்மா கழிமுகத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர். அப்பா துறைமுகத்தில் காண்ட்ராக்ட் கூலி. அந்தப் பெண்ணுக்கு நர்சிங் படிக்க வேண்டும். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால்தான் படிப்பு, இல்லையென்றால் ஏற்றுமதிக்கு இறால் உரிக்கிற கம்பெனிக்கு அவளுடைய அக்காவோடு வேலைக்குப் போக வேண்டியதுதான். இதை என்னிடம் அவள் ஜூன் மாதமே சொல்லிவிட்டாள், அழாமல், பஸ் நம்பர் சொல்கிற மாதிரி. "கெமிஸ்ட்ரில மார்க் வந்தா போதும் மிஸ். பயாலஜி நான் பாத்துக்குவேன்." நர்சிங் கட்-ஆஃபுக்கு வேதியியல் மதிப்பெண்ணும் சேரும், அதில் செய்முறை மதிப்பெண்ணும் அடக்கம்.

எழுத்து முத்து முத்தாக இருக்கும். அதிகம் பேசமாட்டாள்.

அக்டோபர் மாதம் ஏழாம் நம்பர் பாட்டில் அன்றைய சால்ட். அம்மோனியம் குளோரைடு. அதற்கான சோதனை சுலபம். உப்போடு சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சேர்த்துச் சூடாக்கினால் அம்மோனியா வாயு வரும். கைடில் 'காரநெடியுடைய வாயு' என்று போட்டிருப்பார்கள். பிறகு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முக்கிய கண்ணாடிக் கம்பியைக் குழாய் வாயருகே காட்டினால் வெள்ளைவெளேரென்று புகை கிளம்பும். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் ரிகார்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். காரநெடி, டிக். காரநெடி, டிக். நாற்பது நோட்டு தாண்டியிருக்கும், கை தானாகப் போய்க்கொண்டிருந்தது. இவள் நோட்டில் மட்டும் அந்தக் கட்டத்தில் இப்படி எழுதியிருந்தது: "நெடி இல்லை. கண் எரிந்தது." அடுத்த கட்டத்தில்: "அடர்ந்த வெண்புகை."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நெடி இல்லாமல் வெண்புகை எங்கிருந்து வரும்? முதல் சோதனையைச் செய்யவே இல்லை, இரண்டாவதைப் பக்கத்துப் பெண்ணிடம் பார்த்து எழுதியிருக்கிறாள், இதுதான் என் கணக்கு. கண் எரிந்ததாம்! அப்படி ஒரு வரியே எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அந்தக் கட்டத்தின் குறுக்கே சிவப்பில் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 'பொய்' என்று எழுதினேன். வகுப்பில் நிற்கவைத்துக் கேட்டேன்.

"என்னடி இது?"

"வரல மிஸ்."

"எது வரல?"

"வாசன வரல மிஸ். கண்ணு எரிஞ்சுது. அதான் எழுதினேன்."

"நாற்பத்தோரு பேருக்கு வந்தது, உனக்கு மட்டும் வரலையா? உன் மூக்கு என்ன தனி ஆர்டர் கொடுத்துச் செஞ்சதா?"

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்க வைத்தேன் என்பதுதான் சரி. அவள் தலையைக் குனியவில்லை, அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. "அம்மாவக் கூட்டிட்டு வா. அதுவரைக்கும் ரிகார்டுல கையெழுத்து கிடையாது" என்று சொல்லிவிட்டேன். நோட்டை எடுத்து என் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளுடைய அம்மா வந்தார். தண்ணீரிலிருந்து நேராக வந்திருப்பார் போலிருக்கிறது, புடவை முழங்கால்வரை ஈரம். கைவிரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கியிருந்தது. ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றுகொண்டே ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா மிஸ்ஸு, எம் பொண்ணு பொய் சொல்லிச்சுன்னு செவப்புல எழுதிக்கீறியாமே?"

"உட்காருங்கம்மா."

"நான் குந்தறதுக்கு வர்ல. நீ இன்னா வாசன கேட்ட, அத்த சொல்லு."

நான் அம்மோனியாவைப் பற்றிச் சொன்னேன். மூக்கில் ஏறும், காரமாக இருக்கும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "கார நெடியா? கண்ணு எரியுமே, தொண்ட கமறுமே, அத்தானே?"

"ஆமா."

"அது எங்க வூட்டாண்ட தெனம் வந்துகினு கீது மிஸ்ஸு. காத்து அப்டிக்கா திரும்புச்சுன்னா வரும். எம் பொண்ணு பொறக்கறதுக்கு முன்னாடியே வந்துகினு இருந்துச்சு. மொதல்ல நானும் மூக்கப் பொத்திக்கினு ஓடினவதான். இப்போ கண்ணு எரிஞ்சாத்தான் வந்துக்கீதுன்னே தெரியும். தெனம் தின்ற சோத்துக்கு யாராச்சும் வாசன பாப்பாங்களா?" சற்று நிறுத்திவிட்டு, "மூக்குக்கெல்லாமா மார்க்கு போடுவீங்க?" என்று கேட்டார்.

அப்போதும் என் வாய் விடவில்லை. "மத்தப் பிள்ளைங்களும் இங்கதானே இருக்காங்க? அவங்களுக்கு வருதே" என்றேன்.

"அத்த அதுங்களக் கேளு. ஆமா, ஒனக்கு வருதா?"

"வராம என்ன" என்றேன், யோசிக்காமல். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா இல்லை.

அவர் போன பிறகு சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்தேன். அடுத்த பீரியடு எனக்கு ஓய்வு. ஆய்வகத்துக்குப் போய் ஏழாம் நம்பர் பாட்டிலைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து, கரைசல் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் காட்டினேன். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரியே கையால் விசிறி மூக்குப் பக்கம் தள்ளினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. மூக்கில்? சத்தியமாகச் சொல்கிறேன், வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. அம்மோனியா என்று தெரிந்துகொண்டு முகர்கிறேனே, மூக்கு சொல்கிறதா மூளை சொல்கிறதா என்று எப்படிப் பிரிப்பது? ஒன்று மட்டும் உறைத்தது. வருஷக்கணக்காக நானும் முகரவே இல்லை. கைடில் இருப்பது நோட்டில் இருக்கிறதா என்று பார்த்து டிக் போட்டுக்கொண்டிருந்தேன். கீழிருந்து மேலாக நிரப்பியது பிள்ளைகள் மட்டும் இல்லை.

அடுத்த வாரம் வீட்டிலிருந்து சமையல் உப்பு எடுத்துவந்தேன், பொடி உப்பு. ஏழாம் நம்பர் பாட்டிலில் இருந்ததைக் காலிசெய்து வேறு சீசாவில் மாற்றிவிட்டு, அதில் சமையல் உப்பை நிரப்பினேன். பார்க்க வித்தியாசமே தெரியாது, இரண்டும் வெள்ளை. சமையல் உப்பைச் சோடியம் ஹைட்ராக்சைடோடு நாள் முழுக்கச் சூடாக்கினாலும் ஒரு நெடியும் வராது. "ஏழாம் நம்பரைத் திரும்பச் செய்யுங்க. போன தடவை எழுதினது சரியா இல்லை" என்று மட்டும் வகுப்பில் சொன்னேன். தாளை அங்கேயே வாங்கிக்கொண்டேன்.

வாங்கிய தாள்களை நின்றுகொண்டே புரட்டினேன். நாற்பத்தோரு பேரும் 'காரநெடியுடைய வாயு' என்று எழுதியிருந்தார்கள். பாதிப் பேருக்கு மேல் அடர்ந்த வெண்புகையும் வந்திருந்தது. என் வீட்டுக் குழம்பு உப்பிலிருந்து! நாற்பத்திரண்டாவது தாள் அவளுடையது. "நெடி இல்லை. கண்ணும் எரியவில்லை. வெண்புகை இல்லை." அதற்குக் கீழே பென்சிலில் சின்னதாக, "மிஸ், இது போன வாரம் கொடுத்த உப்பு இல்லை."

அவள் தாளை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன்.

பாட்டிலில் இருந்தது என்ன என்று சொன்னேன். யாரையும் திட்டத் தெம்பில்லாமல் கேட்டேன், "ஏன்டா எழுதினீங்க?" முன் பெஞ்சில் ஒருவன், கொருக்குப்பேட்டையிலிருந்து ரயிலில் வருகிறவன், எழுந்து நின்றான். "புக்குல கீது மிஸ். வரலன்னு எழுதினா நீங்க போன வாரம் அவள இன்னா பண்ணீங்கன்னு பாத்தோமே" என்றான். திமிராகச் சொல்லவில்லை. நான் கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான்.

என் விதிப்படி பார்த்தால் நாற்பத்தோரு பேருக்கும் கையெழுத்து கிடையாது. ஒட்டுமொத்த வகுப்பையும் செய்முறைத் தேர்வுக்கு அனுப்பாமல் நிறுத்த யாரால் முடியும்? தலைமையாசிரியர் என்னைத்தான் முதலில் நிறுத்துவார். அன்று மாலை எல்லா நோட்டிலும் கையெழுத்துப் போட்டேன். கடைசியாகப் பீரோவைத் திறந்து அவள் நோட்டை எடுத்தேன். 'பொய்' என்று நான் எழுதியதை அடித்துவிட்டு 'சரி' என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டேன். சிவப்புக் கோடு போகவில்லை, அது போகாது. அவளைக் கூப்பிட்டுக் கொடுத்து, "தப்பு என்மேலதான்" என்றேன்.

"பரவால்ல மிஸ்" என்றாள். அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடினாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நானும் ஒரு நல்ல டீச்சர் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன்.

பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு வந்தது. அதற்கு வெளித் தேர்வாளர் வருவார், வேறு பள்ளிக்காரர். அவரிடம் விடைக்குறிப்பு இருக்கும், ஒவ்வொரு வரிக்கும் மதிப்பெண் பிரித்திருக்கும். நெடி என்று எழுதினால் மதிப்பெண், எழுதாவிட்டால் இல்லை. கண் எரிச்சலுக்கு அவர் தாளில் இடமே கிடையாது. எங்கள் ஸ்டாக்கில் இருந்த உப்புகளில் மூன்றில் ஒன்று அம்மோனியம். அவளுக்கு அது வராமல் போனால் அதிர்ஷ்டம்.

தேர்வுக்கு முந்தின நாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். "நாளைக்கு அம்மோனியம் வந்தா காரநெடின்னு எழுதிடு."

"வரலன்னா மிஸ்?"

"வரலன்னாலும் எழுது."

அவள் என்னைப் பார்த்தாள். "மொத ரூல் மிஸ்?"

"அது என் ரூல். நாளைக்கு அவங்க ரூல். ஊர் ஓடினா ஒத்து ஓடுன்னு சொல்வாங்க இல்ல? ஒரு நாளைக்கு ஓடு. உனக்கு நர்சிங் வேணுமா வேணாமா?"

வேண்டும் என்று தலையாட்டினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவளைப் பார்த்து வகுப்பைச் சிரிக்கவைத்த அன்றைவிட வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன், இன்றைக்கும் அந்த இடத்தில் இருந்தால் சொல்லியிருப்பேன்.

மறுநாள் தேர்வாளர் வந்தார். தெற்கே எங்கிருந்தோ வருகிறவர். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே கைக்குட்டையை மூக்கில் வைத்திருந்தார். "என்ன மேடம், ஏதாவது லீக்கா? ஊருக்குள்ள வந்ததிலிருந்து மூக்கு எரியுது. எப்படி இருக்கீங்க இங்க?" என்றார்.

"என்ன வாசனை சார்?" என்று கேட்டேன். வேண்டுமென்று கேட்கவில்லை. நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஜன்னலை மூடச் சொன்னார்.

எந்த உப்பு என்பதற்கான சீட்டை அவள் எடுத்தாள். வந்தது அம்மோனியம்தான். நான் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். குழாயைச் சூடாக்கினாள், கையால் விசிறினாள், கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக முகர்ந்தாள். திரும்பவும் முகர்ந்தாள். மூன்றாம் முறையும். மற்றவர்கள் யாரும் ஒருமுறைகூட முகரவில்லை, நேராக எழுதத் தொடங்கிவிட்டார்கள். இவள் கண்ணைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு பேனாவைக் கையில் பிடித்தபடி சும்மா நின்றாள். பிறகு குனிந்து எழுதினாள்.

தேர்வாளர் தாளைப் படித்தார். 'காரநெடியுடைய வாயு', டிக். 'அடர்ந்த வெண்புகை', டிக். "நல்லா செஞ்சிருக்கா, எழுத்தும் நல்லா இருக்கு" என்று முழு மதிப்பெண் போட்டார். நானும் உள் தேர்வாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

எல்லோரும் போன பிறகு அவள் இருந்து டெஸ்ட் டியூப்களைக் கழுவிக்கொடுத்தாள். நான் கேட்கவில்லை, அவளாகச் செய்தாள். எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "இன்னைக்காவது வந்துச்சா?" என்றேன்.

"இல்ல மிஸ்." குழாயைத் தலைகீழாகத் தாங்கியில் கவிழ்த்தாள். "நீங்க சொன்னீங்கன்னு எழுதினேன்."

மே மாதம் ரிசல்ட் வந்தது. அவளுக்கு நல்ல மதிப்பெண், நர்சிங்குக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள், கிடைத்துவிடும் என்றுதான் நினைக்கிறேன். ஜூன் மாதம் புதுப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள், அதே பெஞ்சு, அதே ஜன்னல். நான் கரும்பலகையில் ஒன்று என்று போட்டேன். கை அங்கேயே நின்றுவிட்டது. இருபத்தாறு வருஷமாக எழுதிய ஒரு வரி, யோசிக்காமல் வரும். வரவில்லை. கொஞ்சம் இடம் விட்டு, கீழே இறங்கி, இரண்டு என்று போட்டு 'முடியைப் பின்னிக் கட்டு' என்று எழுதினேன்.

முதல் பெஞ்சில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். "மிஸ், ஒண்ணு காலியா கீதே?"

"விடு. ரெண்டுலேர்ந்து எழுது" என்றேன்.